5,000 பேருக்கு 96 உருவங்கள்: ஒரு ஹான் படையை அடித்தட்டில் நிறுத்திய அனுபவம்

'பண்டைய சீனப் படை' என்று எழுதி ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டியை, ஒருவர் பயன்படுத்தி விற்ற நிலையில், விலைக்கு வாங்கியதுதான் என் தொடக்கம். மேசைப் போர்விளையாட்டுக்கான 15 மி.மீ. உருவங்கள் அதில் 130 இருந்தன. பாதத்திலிருந்து கண் வரை ஏறத்தாழ 15 மி.மீ. உயரம் கொண்டவை என்பதே அந்த அளவின் பொருள். மூன்று மாதம் மாலை நேரங்களில் உட்கார்ந்து அத்தனைக்கும் வண்ணம் தீட்டி, சில உருவங்களைச் சேர்த்து நிறுத்தும் சிறு அடித்தட்டுகளில் ஒட்டி, பச்சைப் புல்தூள் தூவி, சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்திவைத்தேன். அக்காள் மகன் வந்து பார்த்தான். ஒரு குதிரைவீரனைக் கையில் எடுத்தவன், "மாமா, இதுல கால் வைக்கிற வளையம் இருக்கே, அந்தக் காலத்துல அது இருந்துச்சா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

தேடிப் படித்தபோதுதான் என் வரிசையின் நிலை புரிந்தது. சீனத்தில் கிடைத்த, காலம் உறுதியான மிகப் பழைய இணை அங்கவடிகளுள் (அவன் கேட்ட கால்வளையங்களுள்) ஒன்று, கி.பி. 415இல் இறந்த ஃபெங் சூஃபூ என்ற வடக்கு யான் அரசப் பிரமுகரின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டது. குதிரைக்கு உடல் முழுவதும் கவசம் போர்த்தும் வழக்கமும் நான்காம் நூற்றாண்டில்தான் அங்கே பரவுகிறது. என் மேசையிலோ, கி.மு. 221இல் சீனத்தை ஒன்றாக்கிய சின் அரசின் குறுக்குவில் வீரர்களுக்குப் பக்கத்திலேயே அங்கவடியும் குதிரைக் கவசமும் கொண்டவர்கள் நின்றார்கள். தோளோடு தோள் உரசி நின்ற இரண்டு தட்டுகளுக்கு நடுவே அறுநூறு ஆண்டுகள் இருந்தன.

'பண்டைய சீனம்' என்று ஒரே பெயரில் விற்கப்படுவது ஒரு படை அல்ல. கி.மு. 1046ஐ ஒட்டி நடந்ததாகக் கணிக்கப்படும் முயே போரின் படை தேர்களை மையமாகக் கொண்டது. ஓட்டுநர், வில்லாளி, கோடரி ஏந்தியவர் என மூவர் ஏறிய தேர் அது. கி.மு. 307இல் ஜாவ் நாட்டு மன்னர் ஊலிங் புல்வெளி மக்களின் கால்சட்டையையும் குதிரைமேல் இருந்து அம்பெய்யும் முறையையும் தம் படைக்குள் கொண்டுவந்த பிறகு தேர்களின் இடத்தைக் குதிரைப்படை மெல்ல எடுத்துக்கொள்கிறது. கி.பி. 208இன் செம்பாறைப் போரில் யாங்சி ஆற்றின் படகுகள் முக்கியம். ஆகவே உருவங்களை வாங்குவதற்கு முன் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இந்தப் பொழுதுபோக்கில் நான் முதலில் கற்றது. நூற்றாண்டைத் தேர்வது போதாது. ஆண்டைத் தேர்ந்தால்தான் எதிரி யார், நிலம் எது, பருவம் எது என்பவையெல்லாம் கூடவே வந்துவிடும். அவை மூன்றும் தெரியாமல் ஓர் அடித்தட்டைக்கூடச் சரியாக முடிக்க முடியாது.

நான் தேர்ந்தது கி.மு. 99. அந்த ஆண்டு, சின்னுக்குப் பின் சீனத்தை ஆண்ட ஹான் மரபின் பேரரசர் ஊவின் தளபதிகளுள் ஒருவரான லீ லிங், 5,000 காலாட்படையினரோடு ஜூயான் எல்லைக் காவலிலிருந்து வடக்கே முப்பது நாள் நடந்து, புல்வெளி நாடோடிகளான சியோங்னு மக்களின் நிலத்துக்குள் போனார். இரண்டு மலைகளுக்கு நடுவே முதலில் 30,000 குதிரைவீரர்கள் அவரைச் சூழ்ந்தார்கள். அவர்களால் முடியாமற்போகவே சியோங்னு தலைவர் மேலும் 80,000 பேரை வரவழைத்தார். லீ லிங் நாள்கணக்கில் போரிட்டபடியே தெற்கு நோக்கிப் பின்வாங்கினார். அம்புகள் தீர்ந்தன. கடைசியில் எல்லையிலிருந்து, சீனத் தொலைவு அளவில் நூறு லீக்கு (ஏறத்தாழ 40 கி.மீ.) சற்று அப்பால் அவர் சரணடைந்தார். எல்லையை வந்தடைந்தவர்கள் நானூறு சொச்சம் பேர். அவருக்காக அரசவையில் பரிந்து பேசிய வரலாற்றாசிரியர் சிமா சியென் ஆண்மை நீக்கும் தண்டனைக்கு ஆளானார். தோற்ற படையை ஏன் செய்கிறாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கூ தொகுத்த 'ஹான் வரலாறு' இந்தப் பின்வாங்கலை நாளுக்கு நாள், ஆயுதத்துக்கு ஆயுதம் சொல்லிக்கொண்டே போகிறது. உருவம் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய கொடை வேறு இல்லை.

அதில் ஒரு வாக்கியம் என் பழைய தட்டுகளையெல்லாம் பிரித்துப்போட வைத்தது. லீ லிங் தம் வீரர்களை வண்டிகளை வளையமாக நிறுத்திய முகாமுக்கு வெளியே அணிவகுத்தபோது, முன்வரிசையினர் ஜியும் கேடயமும் ஏந்தினர், பின்வரிசையினர் வில்லும் குறுக்குவில்லும் ஏந்தினர் என்கிறது அந்த வாக்கியம். ஜி என்பது நீண்ட கம்பின் நுனியில் ஈட்டிமுனையும் பக்கவாட்டில் கொத்தும் அலகும் சேர்ந்த ஆயுதம். அதுவரை நான் குறுக்குவில்காரர்களை ஒரு தட்டிலும் ஜிகாரர்களை வேறொரு தட்டிலும் ஒட்டி, இரண்டையும் வரிசையின் வெவ்வேறு முனைகளில் நிறுத்திவந்தேன். அந்த வரலாற்றிலோ அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றிருக்கிறார்கள்.

இங்கே விளையாட்டு விதிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1990இல் வெளிவந்து இன்றுவரை பலர் ஆடும் டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) விதிகளில் ஒரு படைக்கு 12 அலகுகள் (ஒன்றாக நகரும் தட்டுகள்), 15 மி.மீ. உருவங்களுக்கு ஒவ்வோர் அலகின் முகப்பும் 40 மி.மீ. முகப்பு மாறாது, ஆழம்தான் படைவகைக்கு ஏற்ப மாறும். ஈட்டி ஏந்திய நெருக்கமான காலாட்படைக்கு 15 மி.மீ. ஆழமும் நான்கு உருவங்களும், வில்லாளிகளுக்கு 20 மி.மீ. ஆழமும் மூன்று அல்லது நான்கு உருவங்களும், குதிரைப்படைக்கு 30 மி.மீ. ஆழமும் மூன்று உருவங்களும், இலகு குதிரைக்கு அதே ஆழத்தில் இரண்டு உருவங்களும் என்பது கணக்கு. இந்த 40 மி.மீ. முகப்பைப் பின்னர் வந்த வேறு பல விதிநூல்களும் ஏற்றுக்கொண்டதால், இந்த அளவில் ஒட்டிய படை எங்கே போனாலும் பயன்படும். சிக்கல் என்னவென்றால், முன்வரிசை ஈட்டியும் பின்வரிசை வில்லுமாகக் கலந்த படைக்குச் சில விதிகளில் தனி வகையே உண்டு, மற்றவற்றில் அவை இரண்டும் தனித்தனி அலகுகள். ஒரே தட்டில் எட்டுப் பேரையும் ஒட்டிவிட்டால் ஒரு விதிக்குப் பொருந்தி இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகும்.

நான் கண்ட வழி இது. ஜியும் கேடயமும் ஏந்திய நால்வரை 40க்கு 15 தட்டிலும், வில்லாளிகள் இருவரும் குறுக்குவில்காரர் இருவருமான நால்வரை 40க்கு 20 தட்டிலும் ஒட்டினேன். இரண்டின் அடியிலும் காந்தத் தாள் இருக்கிறது. 40க்கு 35 அளவில் வெட்டிய மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் இரண்டையும் வைத்தால் பான் கூ சொன்ன அணி ஒரே அலகாக நிற்கிறது. தகட்டை எடுத்துவிட்டால் அவை தனித்தனி. பன்னிரண்டு தகடுகளுக்கு 96 உருவங்கள். ஒவ்வோர் உருவமும் ஏறத்தாழ 52 மனிதர்களுக்காக நிற்கிறது என்று கணக்குப் பார்த்துவிட்ட பிறகு எனக்கு எந்த உருவத்தையும் அவசரமாகத் தீட்ட மனம் வரவில்லை.

தட்டுக்கு 2 மி.மீ. எம்.டி.எஃப். பலகையை லேசர் கடையில் வெட்டிக்கொண்டேன். முதல் தடவை வந்தவை அரை மி.மீ. கூடுதலாக இருந்தன. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. பன்னிரண்டை ஒரே கோட்டில் சேர்த்து நிறுத்தினால் வரிசை 6 மி.மீ. நீண்டுவிடும், எதிரியின் தட்டுகளோடு முகத்துக்கு முகம் பொருந்தாது. ஆகவே வெட்டக் கொடுக்கும்போது ஒரு மாதிரித் தட்டை முதலில் வெட்டச் சொல்லி, அளந்து பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். இன்னொன்று: பலகையின் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் தடவி மணல் ஒட்டினால் காயும்போது அது வில்போல வளையும். அடிப்பக்கத்துக்கும் முன்கூட்டியே ஒரு பூச்சு வண்ணம் அடித்துவிட்டால் வளைவு பெரிதும் குறைகிறது. 15 மி.மீ. ஆழமுள்ள தட்டில் ஆயுதத்தை முன்னே நீட்டிய உருவங்களை ஒட்டாதீர்கள். கம்பு தட்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு படைகளும் மோதும் நேரத்தில் தட்டுகள் ஒன்றையொன்று தொட முடியாது, கம்பும் வளைந்துபோகும். நிமிர்ந்த ஜியே இந்த ஆழத்துக்கு ஏற்றது.

வார்ப்பில் வந்த ஜிகள் மென்மையானவை. நான்கு முறை எடுத்து வைத்தால் ஐந்தாம் முறை ஒடிந்துவிடும். எல்லாவற்றையும் வெட்டியெடுத்து, கைமுட்டியில் 0.6 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பி செருகினேன். கம்பியின் நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினால் ஈட்டிமுனை கிடைக்கும். பக்க அலகுக்குத் தடித்த தாளின் சிறு கீற்றை ஃபெவிக்விக்கில் நனைத்து ஒட்டினேன், காய்ந்ததும் அது கத்தியால் செதுக்கும் அளவுக்குக் கடினமாகிறது. ஓர் உருவத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்குத் தகுதியான வேலை இது, ஏனென்றால் தூரத்திலிருந்து பார்க்கும்போது படையின் அடையாளம் முகங்களில் இல்லை, மேலே நிற்கும் அந்த 48 கம்புகளில்தான் இருக்கிறது. பழைய வார்ப்புகளில் ஈயம் அதிகம் என்பதால் அராவும்போது தூள் பறக்காமல் நீரில் நனைத்து அராவவும், சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும் வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இதில் தளர்வே கூடாது.

வண்ணத்துக்கு வருகிறேன். சின் அரசு கருப்பு நிறத்தைப் போற்றியது, ஆகவே வீரர்களும் கருப்பு உடுத்தியிருப்பார்கள் என்று நம்பி முதல் படை முழுவதையும் கருப்பில் முக்கியிருந்தேன். 2018இல் சீனத்தின் ஷிஆன் நகருக்குப் போய், 1974இல் கிணறு தோண்டிய உழவர்கள் கண்டெடுத்த, சின் முதல் பேரரசரின் கல்லறைக்காகச் செய்த அந்தச் சுடுமண் படையை நேரில் பார்த்த பிறகு அந்த எண்ணம் போயிற்று. முதல் குழியின் கிழக்கு முகப்பில் கவசமில்லாத வில்லாளர்கள் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நடைபாதை நடைபாதையாகப் படை நீள்கிறது. இரு ஓரங்களிலும் இருப்பவர்கள் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறார்கள். இப்போது மண்ணிறமாகத் தெரியும் இந்த உருவங்கள் அரக்குப் பூச்சின்மேல் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று தீட்டப்பட்டவை. மண்ணை விலக்கியதும் ஈரப்பதம் குறைந்து அரக்கு சுருண்டு, வண்ணம் சில நிமிடங்களில் உதிர்ந்துவிடும் என்பதால்தான் பெரும்பாலானவை நிறமிழந்தன. எஞ்சியுள்ள தடயங்களைப் பார்த்தால் ஒருவரின் மேலாடையும் அடுத்தவரின் மேலாடையும் ஒரே நிறமாக இல்லை. சீருடை என்று நாம் இன்று நினைப்பது அங்கே இல்லை. ஒற்றுமை கவசத்தில் இருந்தது: கரும்பழுப்புத் தகடுகள், அவற்றைக் கோத்த சிவப்புக் கயிறுகள்.

என் படை ஹான் காலத்தது என்பதால் இன்னும் நெருக்கமான சான்று 1965இல் ஷியான்யாங் அருகே யாங்ஜியாவானில் கிடைத்த சிறிய சுடுமண் படை. ஏறத்தாழ 2,500 உருவங்கள், அரை மீட்டர் உயரம், குதிரைவீரர்கள் மட்டும் ஐந்நூற்றுக்கு மேல். அவற்றில் கவசம் தனியாகச் செதுக்கப்படாமல் கருப்பு வண்ணத்தால் தகடு தகடாகத் தீட்டப்பட்டிருக்கிறது. 15 மி.மீ. உருவம் தீட்டுகிறவனுக்கு அந்தக் கைவினைஞர் தரும் பாடம் நேரடியானது. ஒவ்வொரு தகட்டையும் தீட்ட முயலாமல், சாம்பல் அடிப்பூச்சின்மேல் கரும்பழுப்பை நீர்த்துப் பூசி, தகட்டு வரிசைகளின் மேல்விளிம்பில் மட்டும் வெளிர்கோடு இழுத்து, இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் வைத்தால் கண் மீதியை நிரப்பிக்கொள்கிறது. உடைகளுக்கு ஐந்து நிறங்களை எடுத்துக்கொண்டு, ஒரு தட்டில் ஒரே நிறம் இரண்டு முறைக்கு மேல் வராதபடி மாற்றி மாற்றித் தீட்டினேன். எல்லா நிறங்களிலும் சிறிதளவு ஒரே காக்கியைக் கலந்துவிட்டால் பலநிறக் கூட்டம்கூட ஒரே புழுதியில் நடந்து வந்தவர்களாகத் தெரியும். கேடயங்களுக்கு, முதல் பேரரசரின் கல்லறை மேட்டருகே 1980இல் கிடைத்த வெண்கலத் தேரில் இருக்கும் வளைவு விளிம்புக் கேடயத்தை மாதிரியாகக் கொண்டேன்.

ஷிஆனில் என் கண்ணை இழுத்த இன்னொன்று, இரண்டாம் குழியைச் சேர்ந்த மண்டியிட்ட வில்லாளியின் முதுகுப்பக்கம். பின்னிய தலைமுடி, கவசத்தின் கயிற்று முடிச்சு, மடக்கிய காலின் செருப்பு அடிப்பாகத்தில் நெருக்கமாகவும் தளர்வாகவும் இட்ட தையல் புள்ளிகள் வரை அதைச் செய்தவர் விட்டுவைக்கவில்லை. போர்விளையாட்டில் நம் படையின் முகத்தை எதிராளிதான் பார்க்கிறார். நாம் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது முதுகுகளை. அதனால் இப்போது பின்வரிசையின் முதுகுக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்குகிறேன். முன்வரிசையின் கேடயத்துக்கும் பின்வரிசையின் முதுகுக்கும் நடுவில் யார் கண்ணும் எட்டாத பகுதிகளுக்கு ஒரே ஒரு நிழல்பூச்சு போதும்.

அடுத்து நிலம். என் முதல் தட்டுகள் பச்சையாக இருந்தது இந்தப் பொழுதுபோக்கு இங்கிலாந்தில் வளர்ந்ததன் விளைவு. கடையில் கிடைக்கும் புல்தூள் அந்த நாட்டுப் புல்வெளியின் நிறம். ஷிஆன் வட்டாரத்துக்கே அது பொருந்தாது, அங்கே காற்றில் வந்து படிந்த மஞ்சள் லோயஸ் மண்தான் எங்கும். மஞ்சள் ஆறு பெயர் பெற்றதும் அதனால்தான். லீ லிங் போன ஜூயானுக்கு வடக்கே இன்னும் வறண்ட கோபி நிலம். ஆகவே சாம்பல் கலந்த பழுப்பை அடித்தளமாகப் பூசி, மேட்டுப்பகுதிகளில் மட்டும் வெளிர்மஞ்சளை உலர்ந்த தூரிகையால் தேய்த்தேன். சரளைக்கு ஆற்றுமணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்தேன். வடிகட்டியில் தங்கியது கல், கீழே விழுந்தது மண். தொடக்கத்தில் பெசன்ட் நகர் கடற்கரை மணலை அப்படியே பயன்படுத்திவிட்டேன். அதிலிருந்த உப்பு ஒரு மழைக்காலத்திலேயே வெள்ளையாகப் பூத்து, கீழிருந்த இரும்புத் தகட்டையும் துருப்பிடிக்கச் செய்தது. கடல்மணல் மட்டுமே கிடைக்கும் என்றால் நான்கு ஐந்து தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

பின்வாங்கும் வழியில் படை ஒரு பெரிய சதுப்பு நாணல்காட்டுக்குள் இறங்குகிறது. சியோங்னு வீரர்கள் காற்று வீசும் பக்கத்திலிருந்து நாணலுக்குத் தீ வைக்கிறார்கள். லீ லிங் தம்மைச் சுற்றியிருந்த நாணலைத் தாமே முன்கூட்டி எரித்துவிட, தீ பற்றுவதற்கு எதுவும் இல்லாமற்போய்ப் படை தப்புகிறது. இதைப் படித்த பிறகு பன்னிரண்டில் நான்கு தட்டுகளை எரிந்த நாணலுக்காக ஒதுக்கினேன். தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்து, 12 முதல் 15 மி.மீ. நீளத்துக்கு நறுக்கி, ஐந்தாறு இழைகளை ஒன்றாக ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் நட்டால் அருமையான நாணல் கிடைக்கிறது. காய்ந்ததும் ஓரத்துப் புதர்களை அடியில் கருப்பும் நுனியில் சாம்பல்வெள்ளையுமாகத் தீட்டி, நடுவில் குட்டையாக வெட்டிய கரிக்கட்டைகளை மட்டும் விட்டேன். உருவங்களைத் தட்டில் ஒட்டிய பிறகு நாணலுக்குத் துளையிட முயன்றால் கை நுழையாது. முதலில் துளைகள், பிறகு எம்-சீல் கொண்டு வார்ப்பின் பாதத்தட்டை மறைக்கும் மேடு, பிறகு மணல், கடைசியில் நாணல் என்ற வரிசை எனக்குச் சரிவந்தது.

சென்னையில் இருப்பவர்களுக்கு வார்னிஷ் பற்றி ஒரு சொல். காற்றில் ஈரம் மிகுந்த மாலையில் தெளிப்பு வார்னிஷ் அடித்ததில் 24 உருவங்கள் பனிபடர்ந்ததுபோல் வெளுத்துவிட்டன. வெயிலான ஒரு நண்பகலில் மேலே மினுமினுப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசியதும் வெளுப்பு பெரும்பாலும் மறைந்தது. அது நன்றாகக் காய்ந்த பின் மங்கல் வார்னிஷ் அடித்தேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இப்போது தெளிப்பு வேலையே வைத்துக்கொள்வதில்லை. முடித்த உருவங்களை மரப்பெட்டியில் அடைத்து வைக்கவும் வேண்டாம். சில மரங்களும் பலகைகளும் வெளியிடும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும். பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் இரும்புத் தகடு ஒட்டி, காந்தத் தட்டுகளை அதில் நிறுத்துகிறேன்.

சியோங்னு படையை அக்காள் மகன் செய்கிறான். இரண்டிரண்டு பேராகத் தட்டில் நிற்கும் இலகு குதிரைகள். கிடைத்த வார்ப்புகளில் அங்கவடி இருந்ததால், ஒவ்வொன்றையும் கத்தியால் செதுக்கியெடுத்து, பாதங்களைக் கீழ்நோக்கித் தொங்கும்படி வளைத்துவிட்டான். என்னைக் கேட்ட கேள்விக்கு அவனே பதில் செய்துகொண்டான்.

இப்போது என் மேசையில் இருப்பது முகாம் தட்டு. விளையாட்டில் ஒவ்வொரு படைக்கும் ஒரு முகாம் உண்டு, என்னுடையது வண்டிகளின் வளையம். மூன்று காயம் பட்டவர்கள் வண்டியில் ஏறிக்கொள்ளவும், இரண்டு பட்டவர்கள் வண்டியை நடத்தவும், ஒன்று பட்டவர்கள் ஆயுதம் ஏந்திப் போரிடவும் லீ லிங் ஏற்பாடு செய்தார் என்று பான் கூ எழுதுகிறார். அதன்படி முதல் வண்டியில் மூவரைச் சாய்த்து வைத்திருக்கிறேன், நுகத்தடியில் இருவர். ஒரே நாளில் ஐந்து லட்சம் அம்புகள் தீர்ந்த பிறகு எஞ்சியிருந்த மூவாயிரம் பேரில் ஆயுதமற்றவர்கள் சக்கரங்களின் ஆரக்கால்களை வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே கடைசி வண்டிக்குச் சக்கரத்தின் வளையமும் குடமும் மட்டும் செய்தேன். ஆரக்கால்கள் பக்கத்தில் நிற்கும் நான்கு பேர் கைகளில் இருக்கின்றன. அன்றிரவு அவர்கள் கொடிகளையெல்லாம் வெட்டி மண்ணில் புதைத்தார்கள். தட்டின் ஒரு மூலையில் ஒரு விரல்நகம் அகலத்துக்கு மண்ணைக் கிளறி, சுற்றியிருப்பதைவிட ஒரு சாயல் கருமையாகத் தீட்டியிருக்கிறேன், புதிதாகத் தோண்டி மூடிய ஈரமண்ணின் நிறத்தில்.